டிராக்கில் விழுந்த பைக்குக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

தஞ்சாவூரில் தனியார் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் லோன் போட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினார். இந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்களோடு பைக்கைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போயிருக்கிறார். பணம் கட்டினால் அவரவர் வண்டியை டிராக்கில் ஓட்டலாம் என்கிற மாதிரியான டிராக் டே. காலையில் பயிற்சியாளர் வகுப்பு, மதியம் இஷ்டம்போல ஓட்டிக்கொள்ளலாம். கடைசிச் சுற்றுகளில் ஒரு வளைவில் முன் டயர் வழுக்கிக் கீழே போய்விட்டார். பின்னால் வந்தவர் இவருடைய வண்டியில் மோதி அவரும் விழுந்தார். இவருக்குக் காறை எலும்பு முறிந்து, கோவையிலேயே பிளேட் வைத்து அறுவை சிகிச்சை. செலவு 1,38,000 ரூபாய். பைக்குக்கு சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 92,000. பின்னால் வந்தவர் தன் வண்டிக்கு 45,000 கேட்கிறார்.

“என்னிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஜீரோ டெப்பும் எடுத்திருக்கிறேன். ரேஸில் ஓட்டவில்லை, பயிற்சிக்குத்தான் போனேன். தாய்மாமா இன்சூரன்ஸ் ஏஜென்ட். டிராக் என்று சொன்னால் ஒரு பைசா வராது, நீடாமங்கலம் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொள்ளலாம் என்கிறார். பாலிசியே கேன்சல் ஆகிவிடும் என்று அப்பா பயப்படுகிறார். ஹெல்த் பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறது, ஆனால் ரேஸ் டிராக் என்று தெரிந்தால் தரமாட்டார்கள் என்று நண்பர்கள் சொன்னதால் அதைக் கேட்கவே இல்லை, சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கி பில்லைக் கட்டினேன். என்ன செய்யலாம்?”

வணக்கம் தம்பி. முதலில் ஒரு விஷயம். வேகம் பழக வேண்டும் என்று தோன்றியதும் தஞ்சாவூர் பைபாஸிலோ ஆற்றங்கரை ரோட்டிலோ முறுக்காமல், ஆம்புலன்ஸும் ஆட்களும் நிற்கிற ஒரு டிராக்கைத் தேடிப் போனீர்கள் பாருங்கள், அதில் தவறேதும் இல்லை. பொது ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். நீங்கள் செய்தது எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் செய்தவர் மாதிரி ஒளிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தால்தான், கிடைக்க வேண்டிய பணத்தை விட்டுவிட்டுக் கிடைக்காத பணத்துக்குப் பொய் சொல்லும் இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள்.

பைக் பாலிசி என்ன சொல்கிறது

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் வாயில் சொல்கிறோமே தவிர, அப்படி எல்லாவற்றுக்கும் பணம் தரும் பாலிசி எதுவும் கிடையாது. ஓன் டேமேஜும் (நம் வண்டிக்கு வரும் சேதம்) தேர்டு பார்ட்டியும் (நம் வண்டியால் மற்றவருக்கு வரும் இழப்பு) சேர்ந்த பாலிசிக்குத்தான் அந்தப் பெயர். உங்கள் பாலிசி சான்றிதழை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வரியைப் பாருங்கள். நம் நாட்டில் இரு சக்கர வாகனப் பாலிசிகளில் அந்த வரி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: வாடகைக்கு விடுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், பேஸ் மேக்கிங் (மற்றவர்களுக்கு வேகம் காட்டி முன்னால் ஓட்டுவது), வேகச் சோதனை, வண்டியின் தாங்கு திறனைப் பார்க்கும் ரிலையபிலிட்டி டிரையல், மோட்டார் வியாபாரம், இவை தவிர மற்ற எந்த உபயோகத்துக்கும் காப்பீடு உண்டு என்று. இந்த வரம்பை மீறி ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடக்கும் சேதம், பொறுப்பு எதுவும் பாலிசிக்குள் வராது என்று பின்னால் பொது விலக்குகளில் இன்னொரு முறையும் எழுதியிருப்பார்கள். அது பாலிசியின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும். ஜீரோ டெப் இதை மாற்றாது, ஏனென்றால் அது ஒத்துக்கொண்ட கிளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் போன்ற பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் இருப்பதற்கு மட்டும்தான்.

கட்டாய பி.ஏ. கவர் (வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு) 15 லட்சம் இருக்கிறதே, அதில் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்கலாமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது மரணத்துக்கும், கை கால் அல்லது கண் பார்வை இழப்பு போன்ற நிரந்தர ஊனத்துக்கும்தான். எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு அதில் இடம் இல்லை, ரோட்டில் விழுந்திருந்தாலும் இதே பதில்தான்.

அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள், பாலிசி கேன்சல் ஆகாது. விலக்கு என்பது அப்படி ஓட்டிக்கொண்டிருந்த நேரத்துக்கு மட்டும். மன்னார்குடியிலிருந்து கோவைக்கு நீங்கள் அதே பைக்கை ரோட்டில் ஓட்டிப் போய் வழியில் யாராவது இடித்திருந்தால் பாலிசி வழக்கம்போல வேலை செய்யும். குட்டி யானையில் ஏற்றிப்போகும்போது கயிறு அவிழ்ந்து விழுந்திருந்தால்கூட, ரோடு வழியாக வண்டி கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் பாலிசியில் இருக்கிறது. டிராக் வளாகத்தில் நிறுத்தியிருந்த வண்டி திருடுபோயிருந்தால் அதற்கும் தைரியமாகக் கேட்கலாம், நின்றுகொண்டிருந்த வண்டி ரேஸில் ஓடிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா.

“ரேஸ் இல்லை, பயிற்சிதான்” என்ற வாதம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது வெற்று வாதம் இல்லை. பாலிசி வாசகத்தில் டிராக் என்றோ பயிற்சி என்றோ எதுவும் எழுதியிருக்காது. ரேஸ் என்றும் வேகச் சோதனை என்றும்தான் இருக்கும். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான், நீங்கள் இல்லை. வாசகம் இரண்டு பக்கமும் பொருள் தருவதாக இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கின்றன. பரிசு இல்லை, கொடி அசைத்து ஒன்றாகக் கிளப்பிவிடவில்லை, யார் முதல் யார் கடைசி என்ற கணக்கு இல்லை, வகுப்பெடுத்து பிரேக் பிடிக்கவும் வளையவும் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், அது ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ் இல்லை என்று நன்றாகவே வாதாடலாம்.

ஆனால் நீங்கள் விழுந்தது காலை வகுப்பில் இல்லை. மதியத்தில், போனில் லேப் டைமர் ஆப் ஓட, “இன்னும் 2 செகண்டு குறைக்கணும்” என்று இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு ஓட்டிய சுற்றுகளில் (நீங்களே எழுதியிருக்கிறீர்கள்). நேரம் குறித்துக்கொண்டு, குறைக்க முயன்று ஓட்டுவதை வேகச் சோதனை இல்லை என்று சொல்லி சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயரையோ நுகர்வோர் ஆணையத்தையோ நம்பவைப்பது கஷ்டம். அந்தப் பதிவை இப்போது அழிக்க வேண்டாம். அழித்தால் மறைத்ததாகத்தான் ஆகும்.

உச்ச நீதிமன்றம் 2010இல் அமலேந்து சாகு வழக்கில் ஒன்று சொன்னது. சொந்த உபயோகத்துக்கான பாலிசி உள்ள காரை வாடகைக்கு ஓட்டினார்கள் என்று சொல்லிக் கம்பெனி முழுக்க நிராகரித்திருந்தது. பயன்பாட்டு வரம்பை மீறியிருந்தாலும் மொத்தமாகத் தள்ளாமல், நான்ஸ்டாண்டர்டு கிளெய்மாக 75 சதவீதம் வரை கொடுக்கும் முறை இருக்கிறதே என்று நீதிமன்றம் கேட்டது. உங்களைப் போன்றவர்களுக்கு வக்கீல்கள் முதலில் நீட்டும் தீர்ப்பு இதுதான். அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியதால் விபத்து நடக்கவில்லை. உங்கள் விஷயத்தில் மீறல்தான் விபத்துக்கே காரணம், அதனால் இதை நம்பிப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால், பைக்குக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. இருந்தாலும் உண்மையைச் சொல்லிக் கிளெய்ம் போடுவது உங்கள் உரிமை, அதற்காக யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது. போடுவதாக இருந்தால் இன்றைக்கே மெயிலில் தகவல் சொல்லுங்கள், ஏற்கெனவே மூன்று வாரம் தாமதம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இந்த இடம், இந்தப் பயிற்சி, இப்படி விழுந்தேன் என்று. நிராகரித்தால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல், கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் அங்கே போகலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை.

கிளெய்ம் போடவில்லை என்றால், எஸ்டிமேட்டை மொத்தமாக ஒத்துக்கொள்ளாமல் பிரித்துக் கேளுங்கள். 92,000இல் ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் வெளி உறை), கண்ணாடி, இண்டிகேட்டர் மாதிரி அழகு சாமான்களுக்கு எவ்வளவு, ஃபோர்க், ஹேண்டில், பிரேக்குக்கு எவ்வளவு என்று. முன்னது பழைய சாமான் கிடைத்தால் போதும். பின்னதில் மிச்சம் பிடிக்காதீர்கள். லோன் தவணையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம், வண்டி ஓடாமல் நிற்பது ஃபைனான்ஸ்காரர் பிரச்சினை இல்லை.

நெல் கதை வேண்டாம்

மாமா பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ஆடி மாதத்தில் நீடாமங்கலம் ரோட்டில் எந்த நெல் தம்பி காய்ந்துகொண்டிருந்தது? குறுவை அப்போதுதான் நட்டு வளர்ந்துகொண்டிருக்கும், அறுப்பு புரட்டாசி ஐப்பசியில். சர்வேயரும் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், முதல் கேள்வியே இதுவாக இருக்கும். சரி, நெல்லுக்குப் பதில் மாடு குறுக்கே வந்தது என்று மாற்றினாலும் வண்டி பொய் சொல்லாது. ஹெட்லைட்டில் டேப் ஒட்டிய கோந்து, கழற்றி வைத்த கண்ணாடிகள், டயரின் ஓரம்வரை உருகித் தேய்ந்த ரப்பர், ஒரே பக்கமாக நீண்ட சிராய்ப்பு, இவற்றைப் பார்த்ததும் பழகிய சர்வேயருக்கு விளங்கிவிடும். அதோடு கோவை ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் “ரேஸ் டிராக்கில் பைக்கிலிருந்து விழுந்தார்” என்று, நீங்கள் வலியில் துடித்துக்கொண்டிருந்தபோதே எழுதிவிட்டார்கள். உங்கள் கையெழுத்தோடு டிராக்கில் ஒரு படிவமும் இருக்கிறது.

பொய்யான விபத்தைக் காட்டிப் பணம் வாங்க முயல்வது ஏமாற்று வழக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)இன்படி 7 வருடம்வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். ஸ்டேஷனில் ரசீது வாங்கிவிடலாம் என்று மாமா சொன்னால், அது போலீஸுக்கும் பொய்த் தகவல் கொடுத்ததாகிவிடும். மாமாவின் ஏஜென்ட் வேலையும் போகலாம். இதெல்லாம் இருக்கட்டும், இதைவிட நடைமுறையான ஒரு காரணம் இருக்கிறது: ஒரு கம்பெனிக்கு நீடாமங்கலம் என்றும் இன்னொரு கம்பெனிக்கு கோவை என்றும் எழுதினால், கீழே சொல்லப்போகும் நல்ல கிளெய்மும் கெட்டுப்போகும்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கேளுங்கள்

1,38,000 ரூபாயைச் சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன் என்று ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதுதான் முக்கியமான வரி.

ஹெல்த் பாலிசிகளின் விலக்குகளை, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரி வாசகத்தில் எழுத வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஆபத்தான சாகச விளையாட்டுகளுக்கான விலக்கு ‘எக்ஸ்க்ல் 09’. பாறை ஏறுதல், மலையேற்றம், ஸ்கூபா டைவிங் என்று போகும் அந்தப் பட்டியலில் மோட்டார் ரேஸும் இருக்கிறது, உங்கள் நண்பர்கள் அதைத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அதே வாக்கியத்தின் தொடக்கத்தில், அந்த விளையாட்டுகளில் தொழில்முறை ஆட்டக்காரராகக் கலந்துகொண்டதால் ஏற்பட்ட சிகிச்சைச் செலவு என்று இருக்கிறது. நீங்கள் தொழில்முறை ரேஸரா? சம்பளம் இல்லை, பரிசுப் பணம் இல்லை, ஸ்பான்சர் இல்லை, ரேஸ் லைசென்ஸ்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு கட்டி ஓட்டப் போன ஒரு சம்பளக்காரர். அந்த விலக்கு உங்களைத் தொடாது. பைக் பாலிசியில் வண்டியை எதற்கு ஓட்டினீர்கள் என்று பார்ப்பார்கள், ஹெல்த் பாலிசியில் நீங்கள் யார் என்று பார்க்க வேண்டும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம்.

உங்கள் பாலிசியிலும் அந்த வாசகம் அப்படியே இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள், பணம் கட்டிய ரசீது, எக்ஸ்ரே, பிளேட்டுக்கான பில்லும் அதன் ஸ்டிக்கரும், விபத்துப் பதிவேட்டின் நகல். ஆஸ்பத்திரியில் கேட்டால் தருவார்கள், போகும்போது அடையாள அட்டையை எடுத்துப்போங்கள். விபத்து எப்படி நடந்தது என்ற கட்டத்தில் “டிராக்கில் பயிற்சியின்போது பைக்கிலிருந்து விழுந்தேன், போட்டி அல்ல, நான் தொழில்முறை வீரர் அல்ல” என்று எழுதுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு தாண்டியிருந்தால், தாமதத்துக்கான காரணத்தைத் தனிக் கடிதமாக வையுங்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் அதையும் ஒரு வரி எழுதலாம். மறுத்தால் ஆம்பட்ஸ்மேனிடம் போங்கள். பைக் விஷயத்தில் தயங்கிய நான், இதில் தயங்காமல் போகச் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தனியாக விற்கும் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிகளில் இந்தத் தொழில்முறை என்ற சலுகை பெரும்பாலும் இருக்காது, ரேஸ் என்றாலே விலக்கு என்று எழுதியிருக்கலாம். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

45,000 கேட்கும் நண்பர்

உங்கள் பைக் பாலிசியின் தேர்டு பார்ட்டி பகுதியிலிருந்து அவருக்கு வாங்கித்தர முடியாது. ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டியதைக் காரணம் காட்டி மறுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டமே 150ஆம் பிரிவில் கம்பெனிக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதோடு கட்டாயக் காப்பீடு என்பதே பொது இடத்தில் ஓட்டும் வண்டிக்கானது, டிராக் அப்படிப்பட்ட இடமா என்று தனியாக ஒரு சண்டை வரும்.

அப்படியானால் நீங்கள் கைக்காசு கொடுக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. வளைவில் வழுக்கி விழுவது டிராக்கில் நடக்கக்கூடியது என்று தெரிந்துதான் இருவரும் இறங்கினீர்கள். நீங்கள் கவனமில்லாமல் நடந்துகொண்டீர்கள் என்று, உதாரணமாக மஞ்சள் கொடி காட்டியும் வேகம் குறைக்கவில்லை என்று, அவர் காட்டினால்தான் அவர் கேட்பதற்கு அடிப்படை உண்டு. நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட படிவத்தில் அவரவர் வண்டிச் சேதம் அவரவர் பொறுப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள், இந்த மாதிரிப் படிவங்களில் பெரும்பாலும் இருக்கும். அதுவரை வாட்ஸப்பில் “ஸாரி புரோ, என் தப்புதான், பார்த்துக்கலாம்” என்று எதையும் அனுப்பாதீர்கள். நட்புக்காக ஏதாவது கொடுக்க விரும்பினால் கொடுங்கள், அது உங்கள் மனசு. ஆனால் “இதோடு எல்லாம் தீர்ந்தது” என்று எழுதி வாங்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள்.

மறுபடியும் போவீர்களா?

போவீர்கள் என்றுதான் கடிதம் சொல்கிறது. தோள் ஆறட்டும், டாக்டர் சொல்லட்டும். அடுத்த தடவை கரிக்கோ, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ போவதற்கு முன் உங்கள் பைக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு, இந்தத் தேதியில் இந்தப் பயிற்சிக்குப் போகிறேன், கூடுதல் பிரீமியத்தில் காப்பீடு தருவீர்களா என்று கேளுங்கள். ரிலையபிலிட்டி டிரையலுக்கும் ராலிக்கும் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு நீட்டிக்கும் ஒரு ஏற்பாடு பழைய மோட்டார் டாரிஃபிலேயே (வாகனக் காப்பீட்டுக்கான பொது விதித் தொகுப்பு) இருக்கிறது. ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் அது நீளாது, அதனால் முடியாது என்ற பதிலுக்கே தயாராக இருங்கள். ஏற்பாட்டாளர்களிடம் ஓட்டுபவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் எவ்வளவுக்கு என்று கேட்டு, அதன் நகலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

லோன் முடியாத, வேலைக்குப் போக இருக்கிற ஒரே வண்டியை டிராக்கில் இறக்குவதைவிட, பயிற்சிப் பள்ளிகளின் வண்டியிலேயே ஓட்டுவது உங்களுக்கு மலிவாகவே முடியும். விழுந்தால் அவர்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டா என்பதை மட்டும் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.